தங்கவயலின் இரண்டு பேட்டரிகள்

கோலார் தங்கவயலின் வரலாற்றில் ‘பேட்டரி’ என்னும் ஒரே சொல் இரண்டு பொருள்களைக் குறித்தது. ஒன்று தரைக்கு மேலே நின்று, சுரங்கத்திலிருந்து ஏற்றப்பட்ட பாறையை இடித்துத் தூளாக்கிய இயந்திரம். மற்றொன்று தொழிலாளியின் இடுப்புப் பட்டையில் தொங்கியபடி தரைக்குக் கீழே சென்று, அவருடைய தலைவிளக்குக்கு மின்சாரம் தந்த சிறு பெட்டி. முன்னதன் ஓசை நெடுந்தொலைவு கேட்கும். பின்னது ஓசையே எழுப்பாது. முன்னதன் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு சுரங்கத்தின் ஆற்றலை அளந்தார்கள். பின்னதன் நலத்தைக் கொண்டு ஒரு மனிதர் மேலே திரும்பி வருவது தீர்மானமாயிற்று. இக்கட்டுரை அந்த இரண்டாவது பேட்டரியைப் பற்றியது. அதைச் சோதிப்பதும் பேணுவதும் யாருடைய பொறுப்பாக இருந்தன என்பதைப் பற்றியது.

சொல்லின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். ‘பேட்டரி’ என்பது அடித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. கோட்டையை அடித்து நொறுக்கும் பீரங்கி வரிசைக்கு அது பெயராயிற்று. மின்னூட்டம் ஏற்றிய லெய்டன் சாடிகளை வரிசையாக இணைத்த பெஞ்சமின் பிராங்க்ளின், பீரங்கி வரிசையின் பெயரையே 1749இல் அவற்றுக்கும் இட்டார். அங்கிருந்து அச்சொல் மின்சாரத்தின் சொல்லாயிற்று. தங்கச் சுரங்கத் தொழிலோ அதன் பழைய பொருளை விடவில்லை. ஐந்து கனத்த இரும்பு உலக்கைகள் ஒரே பெட்டிக்குள் மாறி மாறி விழுந்து கல்லை இடிக்கும் அமைப்பைச் சுரங்க நிறுவனங்களின் ஆங்கிலம் ‘பேட்டரி’ என்றே அழைத்தது. ஆக, தங்கவயலின் முதல் பேட்டரி உண்மையிலேயே அடிக்கிற பேட்டரி.

1880இல் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றி, ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் மேலாண்மைக்கு வந்த பின்னரே கோலாரில் பெருந்தொழில் வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கு சுரங்கங்கள் நிலைபெற்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவம் மிக்க சுரங்கப் பணியாளர்கள் வந்தனர். பாறையைத் துளைக்கவும் வெட்டவும் சுமக்கவும் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். அவர்களைக் கூலிக் கணக்கிலுள்ள எண்களாக மட்டும் காண்பது பிழை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கம் மாரிகுப்பத்தில் கிளைவிட்டு வளர்ந்தது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. படித்தும் விவாதித்தும் வாழ்ந்த சமூகம் அது.

1902 ஜூன் 30 அன்று அந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்விசை, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவழியே தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் தடங்களுள் அதுவும் ஒன்று. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் அத்திட்டத்துக்கு உறுதுணையாக நின்றவர். அது நிறைவேறுமுன் 1901இல் மறைந்தார். இராணுவப் பொறியாளர் ஜோலி தெ லோட்பினியர் திட்டத்தை வகுத்து முடித்தார். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகரின் சாலைகளுக்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் கிடைத்த காரணம் எளியது: அதற்கு விலை கொடுக்கக்கூடிய இயந்திரங்கள் அங்கே இருந்தன.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கம்பிவழி வரும் மின்சாரம் நிலையாக நிற்கும் பொருளுக்கே பணிசெய்யும். இடிக்கும் உலக்கைகளுக்கும் காற்றழுத்தப் பொறிகளுக்கும் அது பொருந்தும். குனிந்தும் தவழ்ந்தும் நாள்தோறும் இடம் மாறும் மனிதருக்குப் பின்னால் கம்பி செல்லாது. கிணற்றடியிலும் முதன்மைப் பாதைகளிலும் விளக்குப் போடலாம். தங்கம் தாங்கிய படிகக்கல் நரம்பு எங்கே மெலிந்தும் வளைந்தும் ஓடுகிறதோ, அந்த வெட்டுமுகம் இருட்டாகவே இருக்கும். காவிரி தங்கவயலுக்கு வந்துவிட்டது. ஆனால் வெட்டுபவரின் கைக்கு இன்னும் எட்டவில்லை. அவருடைய ஒளி நெருப்பாகவே நீடித்தது.

நிலக்கரிச் சுரங்கங்களில் தீப்பற்றும் வாயு உண்டு. ஆகவே அங்கே திறந்த சுடர் மரணத்துக்கு அழைப்பு. 1815இல் ஹம்ப்ரி டேவி கம்பிவலை சூழ்ந்த விளக்கை உருவாக்கியது அதனால்தான். தங்கச் சுரங்கங்களில் அந்த அபாயம் பெரிதில்லை. திறந்த சுடர் அங்கே நெடுங்காலம் நிலைத்தது. கெட்டித் தொப்பியின் முன்புறத்தில் களிமண் உருண்டையை ஒட்டி, அதில் மெழுகுவத்தியைக் குத்திக்கொள்வது கார்ன்வால் சுரங்கத்தாரின் பழைய வழக்கம். 1900க்குப் பின் உலோகச் சுரங்கங்களில் கார்பைடு விளக்கு பரவியது. மேல் அறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழறையின் கால்சியம் கார்பைடு மீது விழும். அசெட்டிலின் வாயு பிறந்து சிறு துளைவழியே வெண்சுடராக எரியும். மெழுகுவத்தியைவிட அது பன்மடங்கு ஒளி தந்தது. எனினும் அதுவும் நெருப்புதான். வெடிமருந்து கையாளும் இடத்தில் நெருப்பு. காற்று வீசினால் அணைந்துவிடும் நெருப்பு.

அந்த நெருப்புக்கு ஒரு நற்குணமும் இருந்தது. அது விளக்கு மட்டுமன்று, அளவுகருவியும்கூட. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வளி இருக்கிறது. அது 17 விழுக்காட்டை நெருங்கும்போது மெழுகுவத்திச் சுடர் மங்கி அணையத் தொடங்கும். மனிதருக்கு மூச்சு திணறினாலும் உடனே உயிர் போகாது. எனவே சுடர் தளர்ந்தால் ‘இங்கே காற்று கெட்டிருக்கிறது, திரும்பு’ என்று பொருள். பயன்படாத பழைய குழியிலோ காற்றோட்டம் அடைபட்ட மூலையிலோ அந்த எச்சரிக்கை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். அதைப் படிக்கக் கல்வி வேண்டியதில்லை, கண் போதும். சோதனை செய்பவரும் அதன் பயனைப் பெறுபவரும் ஒரே மனிதர்.

மின்விளக்கைத் தலையில் சூடுவதற்கு மின்சாரத்தைச் சேமித்துச் சுமக்கும் வழி வேண்டியிருந்தது. 1800இல் வோல்ட்டா அமைத்த அடுக்கு மின்சாரத்தைத் தந்தது. தீர்ந்தபின் அதை மீண்டும் நிரப்ப இயலாது. 1859இல் காஸ்டன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய மின்கலத்தைச் செய்தார். 1881இல் காமில் ஃபோர் ஈய ஆக்சைடுப் பசையைத் தகட்டில் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அமிலத்துக்கு மாற்றாகக் காரக் கரைசலும் நிக்கலும் இரும்பும் கொண்ட மின்கலத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடிசன் உருவாக்கினார். 1910களின் நடுவில் அது அமெரிக்கச் சுரங்கத்தாரின் இடுப்புக்கு வந்தது: பட்டையில் பேட்டரி, முதுகுவழியே ஏறும் வடம், தொப்பியின் நெற்றியில் விளக்கு. ஒரு முறை மின்னேற்றினால் ஒரு முழு முறைவேலைக்கும் எரியும். அந்த வடிவம் பிறகு உலகெங்கும் பரவியது. இந்தியச் சுரங்கங்களில் பெரிதும் வழங்கியது ஈய-அமில வகை: இரண்டு கலங்கள், 4 வோல்ட்டு. தங்கவயலின் பிற்காலத் தொழிலாளர் படங்களில் தொப்பி நெற்றியில் தெரியும் வட்டக் கண்ணாடி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

காற்று வீசினால் அணையாத ஒளி. வெடிமருந்தருகே நெருப்பில்லா ஒளி. இரு கைகளையும் வேலைக்கு விட்டுவிடும் ஒளி. இவை அனைத்தும் பெரும் நன்மைகள். ஆனால் அந்த மாற்றத்தோடு சோதனையின் இடம் இடம்பெயர்ந்துவிட்டது. சுடர் காற்றைச் சோதித்தது. மின்விளக்கு காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. உயிர்வளி குறைந்த குழியிலும் பளிச்சென்றே எரியும். அதோடு அந்த விளக்கையே வேறொருவர் சோதிக்க வேண்டியதாயிற்று. மெழுகுவத்தியின் மிச்சத்தை எவரும் பார்த்து அறியலாம்; பேட்டரியின் மிச்சத்தைப் பார்த்து அறிய முடியாது. கீழே செய்யப்பட்ட சோதனை மேலே போயிற்று. தொழிலாளியின் கண்ணிலிருந்து விளக்கறையின் மேசைக்குப் போயிற்று.

விளக்கறை என்பது ஒவ்வொரு பெரிய சுரங்கத்தின் வாயிலிலும் அமையும் கூடம். எண்ணிட்ட விளக்குகள் அங்கே சட்டங்களில் வரிசையாக மாட்டப்பட்டு மின்னேறிக்கொண்டிருக்கும். நீர்மின் நிலையங்கள் அனுப்புவது மாறுதிசை மின்னோட்டம். பேட்டரி ஏற்பதோ நேர்திசை மின்னோட்டம் மட்டும். ஆகவே திருத்திகள் வழியே அதை மாற்றிய பின்னரே கலங்களுக்குள் செலுத்த முடியும். 1902இல் வெட்டுமுகத்துக்கு எட்டாத அருவியின் விசை, இந்த அறை வழியாகத்தான் வடிவம் மாறி, ஒரு மனிதரின் இடுப்பில் ஏறிக் கடைசி வெட்டுமுகம் வரை சென்று சேர்ந்தது.

அங்கே செய்யப்படும் சோதனைகளை அறிந்துகொள்வது இன்றும் பயனுடையது. ஈய-அமிலக் கலத்தின் இயல்பு அன்று போலவே இன்றும் இருக்கிறது. முதலாவது, அமிலத்தின் ஒப்படர்த்தி. மின்னேறிய கலத்தில் கந்தக அமிலம் கரைசலில் இருக்கும். மின்னிறங்கும்போது அமிலம் தகடுகளோடு சேர்ந்து ஈய சல்பேட்டாகப் படியும், கரைசல் நீர்த்துப்போகும். எனவே ஹைட்ரோமீட்டரின் மிதவை எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே கலத்தில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்பதற்கு விடை. நிறைந்த கலத்தில் ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை காட்டும், 1.15ஐ ஒட்டி வந்தால் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரே பேட்டரியின் கலங்களுக்கிடையே 0.05க்கு மேல் வேறுபாடு தெரிந்தால், தாழ்ந்த கலம் நோயுற்றது. வெப்பம் கூடினால் கரைசல் இலேசாகும். ஆகவே வெப்பநிலைக்கேற்ற திருத்தம் சேர்த்தே படிக்க வேண்டும்.

எடிசன் வகைக் காரக் கலத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மின்னேற்றத்திலும் இறக்கத்திலும் செலவாவதில்லை. மிதவை எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அமிலத்தில் தோய்ந்த ஹைட்ரோமீட்டரைக் காரக் கலத்தில் இட்டால் அந்தக் கலமே கெடும். இரு வகை விளக்குகளும் உள்ள அறையில் கருவிகளைத் தனித்தனியே வைப்பது கட்டாயம்.

இரண்டாவது சோதனை, மின்னழுத்தம். ஓய்விலிருக்கும் நிறைந்த ஈயக் கலம் 2.1 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். ஆறு கலங்கள் கொண்ட 12 வோல்ட்டு பேட்டரி என்றால் ஏறத்தாழ 12.6 முதல் 12.7 வரை; 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் வெறுமை. மின்னேற்றியை எடுத்தவுடன் அளந்தால் பொய்யான உயர்வு தெரியும். சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளக்க வேண்டும். ஆனால் மின்னழுத்தம் ஒன்றை மட்டும் நம்புவது ஆபத்து. தகடுகள் கெட்ட கலமும் வேலை கொடுக்காதவரை நல்ல எண்ணையே காட்டும். மூட்டை ஏற்றும்வரை எல்லா மாடும் நல்ல மாடுதான்.

ஆகவே மூன்றாவது சோதனையே முடிவான சோதனை: சுமை கொடுத்துப் பார்ப்பது. குறித்த மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே, ஒரு கலத்துக்கு 1.75 அல்லது 1.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கணக்கிடுவது. தலைவிளக்கைப் பொறுத்தவரை இதன் பொருள் வெளிப்படையானது. மேசையின் மீது அது முழு முறைவேலை நேரத்துக்கும் அதற்கு மேலும் எரிய வேண்டும். குறித்த கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போன பேட்டரியை நீக்கிவிடுவது தொழில்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் நெறி. முறைவேலை எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேர ஒளி போதாது. கிணற்றடிக்கு நடந்து வரவும், ஏற்றப்பொறிக்குக் காத்திருக்கவும், விபத்து நேர்ந்தால் மீட்பவர் வரும்வரை இருக்கவும் மிகை ஒளி வேண்டும்.

தங்கவயலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்த ஆழத்துப் பாறையின் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்திய பிறகே மனிதர் அங்கே நின்று வேலை செய்ய முடிந்தது. வெப்பம் மனிதரைப் போலவே பேட்டரியையும் தளர்த்தும். வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சும்மா இருக்கும்போதே கசியும் மின்னிழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். அதோடு, ஆழப் பாறையில் தேங்கிய அழுத்தம் திடீரென விடுபட்டுப் பாறை வெடித்துச் சிதறும் நிகழ்வு கோலாரின் நீண்டநாள் சாபம். பாதை அடைபட்டு, கம்பிவழி விளக்குகள் அறுந்துபோனால், எஞ்சுவது இடுப்பிலுள்ள பேட்டரி மட்டுமே.

சோதனை நோயைக் கண்டுபிடிக்கும்; பேணுதல் நோய் வராமல் காக்கும். பேணுதலின் விதிகள் சில. மின்னேற்றும்போது கரைசலிலுள்ள நீர் பிரிந்து வாயுவாகும். அந்தக் குறையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் நிரப்ப வேண்டும். தகடுகள் நீருக்கு மேலே தெரிந்தால் அப்பகுதி காய்ந்து கெடும். குழாய் நீரிலுள்ள உப்புகளும் இரும்பும் கலத்தை நஞ்சூட்டும். நீர் குறைந்த இடத்தில் அமிலத்தை ஊற்றுவது பெரும் பிழை. குறைவது நீர், அமிலம் அன்று. புதிதாகக் கரைசல் சேர்க்கும்போது அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைப் பறிக்கும். முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் படிவைத் துடைத்து நெய்ப்பு தடவ வேண்டும். மின்னேறும் கலத்திலிருந்து ஹைட்ரஜன் எழும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது வெடிக்கத்தக்கது. விளக்கறைக்குச் சன்னலும் காற்றோட்டமும் வேண்டும். அங்கே பீடி பற்றவைக்கலாகாது.

அனைத்தினும் முக்கியமான விதி ஒன்று உண்டு: தீர்ந்த பேட்டரியைத் தீர்ந்த நிலையில் விட்டுவைக்கக் கூடாது. மின்னிறக்கத்தின்போது தகட்டில் படியும் ஈய சல்பேட்டு நுண்துகளாக இருக்கும்வரை மின்னேற்றினால் மீண்டும் கரையும். நாட்கணக்கில் விட்டால் அது கெட்டிப் படிகமாக இறுகும். பிறகு மின்னோட்டம் செலுத்தினாலும் கரைவதில்லை. உழைத்த பேட்டரி தேய்ந்து சாகும். கவனிப்பாரற்ற பேட்டரி இறுகிச் சாகும். எனவே முறைவேலை முடிந்து வந்த விளக்கு உடனே மின்னேற்றச் சட்டத்துக்குப் போக வேண்டும். நாளை பார்க்கலாம் என்ற சொல்லுக்கு விளக்கறையில் இடமில்லை.

இந்த வேலைகளைச் செய்தவர்களின் உடலும் விலை கொடுத்தது. அமிலத் துளி வேட்டியிலும் சட்டையிலும் பொத்தல் இடும், தோலைச் சுடும். ஈயத் தூசு மூச்சுவழியே சேர்ந்து இரத்தத்தையும் நரம்பையும் கெடுக்கும். பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் சுரங்கத்தின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. விளக்கைப் பேணியவரின் ஆபத்து அவ்வளவு பேசப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பணிசெய்வதே பேணும் தொழிலின் இயல்பு. அது நன்றாக நடக்கும்வரை எவருக்கும் தெரியாது.

விளக்கறைக்கு இன்னொரு கடமையும் இருந்தது. சுரங்கத்தொழிலின் பொது மரபுப்படி, தொழிலாளி தன் எண் பொறித்த வில்லையைக் கொடுத்துத் தன் எண்ணுள்ள விளக்கைப் பெறுவார். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்பப் பெறுவார். முறைவேலை முடிந்த பின்னும் சட்டத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தால், ஒரு மனிதர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். வருகைப் பதிவேட்டை எவரும் திருத்தலாம். வெறுமையான கொக்கியைத் திருத்த முடியாது.

எண்ணிடுதல் என்பது தங்கவயலில் இருமுனைக் கத்தி. 1930இல் நிர்வாகம் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தி எதிர்த்தனர். தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதாக அவர்கள் அதைக் கண்டனர். அதே மக்கள் விளக்கு எண்ணை நாள்தோறும் கையில் ஏந்தினர் என்பதில் முரண் ஏதுமில்லை. கைரேகை மனிதரை ஐயுற்று எண்ணியது. விளக்கு வில்லை மனிதரைத் தேடிச் செல்வதற்காக எண்ணியது. எண்ணப்படுவதை அவர்கள் எதிர்க்கவில்லை. எதற்காக எண்ணப்படுகிறோம் என்பதை அறிந்தே எதிர்த்தார்கள்.

தமிழ்ச் சொல்லொன்று இங்கே துணைக்கு வருகிறது. பேட்டரியின் ஒற்றை அலகுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் இட்ட பெயர் மின்கலம். கலம் என்றால் கொள்கலம். உண்பது உண்கலம், கடலில் செல்வது மரக்கலம். ஒன்றைத் தன்னுள் கொண்டு காப்பது எதுவோ அது கலம். ஆங்கிலச் சொல் அடிப்பதிலிருந்து பிறந்தது. தமிழ்ச் சொல் காப்பதிலிருந்து பிறந்தது. தங்கவயலின் முதல் பேட்டரிக்கு ஆங்கிலப் பெயர் பொருந்தும். இரண்டாவதற்குத் தமிழ்ப் பெயரே பொருந்தும்.

மரக்கலமும் மின்கலமும் ஒரே சொல்லில் சந்திப்பது தற்செயல். ஒரே விதியில் சந்திப்பது தற்செயல் அன்று. கரையை விட்ட படகும் தரையை விட்ட தொழிலாளியும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். நடுவழியில் பேட்டரி கைவிட்டால் வாங்குவதற்குக் கடை இல்லை. இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் புறப்படும் விசைப்படகின் ஒயர்லெஸ், திசைகாட்டும் ஜி.பி.எஸ்., இரவு விளக்கு எல்லாம் பேட்டரியை நம்பியவை. விளக்கறையின் விதிகள் படகுக்கு அப்படியே பொருந்தும்: கரையில் இருக்கும்போதே ஒப்படர்த்தி பார், ஓய்வில் மின்னழுத்தம் பார், சுமை கொடுத்துப் பார். கூடுதலாக இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எஞ்சினை உதைத்துக் கிளப்பும் பேட்டரி மெல்லிய தகடுகளால் ஆனது. நொடிப்பொழுதில் பெரும் மின்னோட்டம் தரும். அதைக் கொண்டு இரவெல்லாம் விளக்கெரித்தால் சில முறைகளிலேயே கெட்டுவிடும். தலைவிளக்குப் பேட்டரி போல நாள்தோறும் ஆழமாக இறங்கி ஏறும் பணிக்குத் தடித்த தகடுள்ள வகை தனியே வேண்டும். இரண்டாவது, கடல்நீர் கலத்துக்குள் புகுந்தால் அமிலத்தோடும் மின்னோட்டத்தோடும் சேர்ந்து குளோரின் நச்சுவாயு எழும். மூடிய அறையில் அது கொல்லும்.

ஹைட்ரஜனின் ஆபத்தும் கடலில் குறைவன்று. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நின்றிருந்த ஐ.என்.எஸ். சிந்துரட்சக் நீர்மூழ்கியில் தீப்பற்றி ஒரு மாலுமி உயிரிழந்தார்; பேட்டரியிலிருந்து கசிந்த ஹைட்ரஜனே காரணமெனக் கூறப்பட்டது. பெருங்கப்பலானாலும் சிறு தலைவிளக்கானாலும் வேதியியல் வேறுபாடு பார்ப்பதில்லை.

தங்கவயல் சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் நடுவண் அரசுக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டி எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பார்கள். சுரங்கமும் ஒரு வகையில் பேணப்பட வேண்டிய கலமே. நாள்தோறும் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது சுரங்கம். இறைப்பது நின்றால் கிணறு. பணி நின்ற பின் ஆழத்துப் பாதைகள் நீரில் மூழ்கின. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு நாள்தோறும் போய் வருகிறார்கள்.

இன்று தலைவிளக்கில் ஈயத்தின் இடத்தை லித்தியமும், இழைக் குமிழின் இடத்தை எல்.இ.டி.யும் பிடித்துவிட்டன. எடை குறைந்தது, ஒளி கூடியது, நீர் ஊற்றும் வேலை இல்லை. ஆயினும் கொள்ளளவு தேய்வது நிற்கவில்லை; சுமை கொடுத்துச் சோதிக்கும் தேவையும் நீங்கவில்லை. காற்றின் நிலையைச் சொல்லத் தனி வாயுமானி வேண்டும். அந்த வாயுமானியும் பேட்டரியில்தான் இயங்குகிறது. சுடரைக் கைவிட்ட நாளில் தொடங்கிய கடன் அது.

தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் உற்பத்தியின் டன் கணக்கையும் ஆழத்தின் மீட்டர் கணக்கையும் மறவாமல் குறிப்பிடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. முறைவேலை முடிவில் சட்டத்தில் திரும்ப வந்து மாட்டிய விளக்குகளின் எண்ணிக்கை அது. ஒரு சுரங்கம் நல்ல சுரங்கமா என்பதற்கு அந்தக் கணக்கே முதல் சான்று. படகைக் கடலில் இறக்குமுன் பேட்டரியின் மூடியைத் திறந்து கரைசலைப் பார்ப்பவர் எவராயினும், அவர் அந்த விளக்கறையின் வேலையையே தொடர்கிறார்.